அப்பாவுடன் ஹாதார்ன்ஸ் ஆட்டம்: பழைய மதுக்கூடங்களுக்குப் போகலாமா?

தோ பாயோ மகள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். 1978ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எஃப்ஏ கிண்ணக் காற்பந்து இறுதியாட்டத்தில் ரோஜர் ஆஸ்போர்ன் அடித்த ஒரே கோலால் ஆர்சனலை இப்ஸ்விச் டவுன் வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்து என் அப்பா அந்தக் குழுவின் ரசிகர். உடன் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் லிவர்பூல் என்றும் மான்செஸ்டர் யுனைடெட் என்றும் பேசிக்கொண்டிருந்த காலத்திலும், சஃபோக் வட்டாரத்து நகரம் ஒன்றின் குழுவை அவர் கைவிடாமல் பின்தொடர்ந்து வந்திருக்கிறார். பணி ஓய்வு பெற்ற பிறகு அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே பயணம் இது என்பதால், குறை எதுவும் இல்லாமல் செய்து தர வேண்டும் என்று விரும்புகிறேன்.

நாங்கள் பார்க்கப் போவது வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் குழுவின் ஹாதார்ன்ஸ் அரங்கில் நடக்கும் வெளியூர் ஆட்டம். அதையும் அப்பாதான் தேர்ந்தெடுத்தார். 1978 அரையிறுதியில் இப்ஸ்விச் 3-1 என்ற கோல் கணக்கில் தோற்கடித்தது இதே வெஸ்ட் பிராம்விச் குழுவைத்தான். அன்று தலையில் அடிபட்டு, தலையில் சுற்றிய கட்டுத்துணியையும் மீறி ரத்தம் வழிய ஆடிய வெஸ்ட் பிராம்விச் வீரர் ஜான் வைலைப் பற்றி அப்பா இன்றும் மரியாதையுடன் பேசுவார். கழக உறுப்பினர்களுக்கான ஒதுக்கீட்டில், வருகைதரும் குழுவின் ரசிகர்களுக்குரிய பகுதியில் இரண்டு இருக்கைகள் கிடைத்துவிட்டன. ஆட்டம் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு. முந்திய நாளே பர்மிங்ஹாம் போய்ச் சேர்ந்துவிடுவோம்.

என் கேள்வி மதுக்கூடங்களைப் பற்றியது. ஆட்டத்துக்கு முன்பு ரசிகர்கள் பழைய மதுக்கூடங்களில் கூடிப் பேசி, அங்கிருந்து அரங்கை நோக்கிக் கூட்டமாக நடந்து போவதைப் பற்றி அப்பா எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டும் படித்தும் இருக்கிறார். அப்படி ஓரிடத்தில் ஒரு முறையாவது உட்கார வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் அவர் மது அருந்துவதில்லை. வாழ்நாள் முழுவதும் அருந்தியதில்லை. மாட்டிறைச்சியும் உண்பதில்லை. முழங்கால் வலி இருப்பதால் நெடுநேரம் நிற்கவும் முடியாது. இவற்றோடு, எதிரணியின் ஊரில், இந்திய முகத்துடன், ஒரு முதியவரும் அவருடைய மகளும் உள்ளே நுழைந்தால் எப்படிப் பார்ப்பார்கள் என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது. அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை.

எந்த மதுக்கூடங்களுக்குப் போகலாம், எத்தனை மணிக்குப் போக வேண்டும், எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஈசூன் ரசிகர் பதிலளித்தது:

வணக்கம் சகோதரி. பல்வேறு குழுக்களின் அரங்குகளுக்கு வெளியூர் ரசிகனாகப் போய்வந்தவன் என்ற முறையில் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்ட நாளில் அரங்கை ஒட்டிய மதுக்கூடங்களில் பழைமையைத் தேடாதீர்கள். அழகான பழைய கட்டடங்கள் நகரின் நடுவில் இருக்கின்றன. அவற்றைக் காலையில் அமைதியாகப் பார்த்துவிட்டு அரங்குக்குப் போவதே உங்கள் அப்பாவுக்கு ஏற்ற முறை.

இதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, ஆடுகளம் கண்ணுக்குத் தெரியும் எந்த இடத்திலும் ஆட்ட நேரத்தில் மதுவைக் கையில் வைத்திருக்கவோ அருந்தவோ கூடாது. இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள நடைக்கூடத்தில் விற்பனை இருந்தாலும், கோப்பையுடன் இருக்கைக்கு வர முடியாது. ரசிகர்களுக்கென்று தனியாக வாடகைக்கு அமர்த்தப்படும் பேருந்துகளிலும் மது கூடாது. ஆகவே அருந்த விரும்பும் எல்லாரும் ஆட்டம் தொடங்குவதற்கு முந்திய இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் மதுக்கூடங்களில் குவிகிறார்கள். நண்பகலுக்குப் பிறகு அரங்கைச் சுற்றியுள்ள இடங்களில் நிற்கவே இடம் இருக்காது. அவற்றில் பல, சொந்தக் குழுவின் ரசிகர்களை மட்டுமே அனுமதிப்பதாக வாசலில் எழுதி வைத்திருக்கும். காவலர் நின்று நுழைவுச்சீட்டைப் பார்த்து அனுப்புவதும் உண்டு. அது பகையால் வந்த ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். உள்ளூர்க் காவல்துறையும் மதுக்கூட உரிமையாளரும் சேர்ந்து, சச்சரவு எழாமல் இருக்கச் செய்துகொண்டது அது.

நகரின் நடுவில் பர்மிங்ஹாம் தூய பிலிப் பேராலயத்துக்கு எதிரே ஓல்ட் ஜாயிண்ட் ஸ்டாக் என்ற மதுக்கூடம் உள்ளது. 1864ல் வங்கிக்காக எழுப்பப்பட்ட கட்டடம் அது. உயர்ந்த கூரை, அதன் நடுவில் கண்ணாடிக் குவிமாடம், அதற்கு நேர் கீழே வட்டமான மது மேடை என்று, பணம் புழங்கிய இடத்தின் கம்பீரம் அப்படியே இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் அப்பாவை மேலே பார்க்கச் சொல்லுங்கள். கதவு திறந்த சிறிது நேரத்துக்குள் போய்விட்டால் உட்கார நல்ல இடம் கிடைக்கும். தேநீரும் காப்பியும் கிடைக்கும்.

அங்கிருந்து ஸ்னோ ஹில் பக்கம்தான். அந்த வழித்தடத்தில் டிராமிலோ ரயிலிலோ ஏறினால் ஹாதார்ன்ஸ் நிலையத்துக்கே போய்விடலாம். வழியில் ஜுவல்லரி குவார்ட்டர் நிலையத்தில் இறங்கினால் அருகிலேயே ரோஸ் வில்லா டேவர்ன் என்ற மதுக்கூடம் இருக்கிறது. மிட்சல்ஸ் அண்ட் பட்லர்ஸ் மதுவடிப்பு நிறுவனம் 1919க்கும் 1920க்கும் இடையில் புதுப்பித்துக் கட்டியது. சுவரெங்கும் மெருகேற்றிய ஓடுகள், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். பர்மிங்ஹாமில் இத்தனை ஓடும் கண்ணாடியும் ஏன் என்று வியப்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சந்துகளில் மண்டிக்கிடந்த சிறு மதுக்கடைகளின் உரிமங்களைத் திருப்பித் தந்தால்தான் புதிய பெரிய மதுக்கூடம் கட்ட அனுமதி என்று நகரின் உரிம நீதிபதிகள் கறாராக இருந்தார்கள். எண்ணிக்கை குறைந்தாலும் தரம் உயர வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பல கடைகளை விட்டுக்கொடுத்து ஒன்றைப் பெற்ற நிறுவனங்கள் அந்த ஒன்றில் பணத்தைக் கொட்டின. நியூடவுன் பகுதியில் 1901ல் திறக்கப்பட்ட பார்டன்ஸ் ஆர்ம்ஸ் அவற்றுள் தலையாயது. ஆனால் அது ஹாதார்ன்ஸ் செல்லும் வழியில் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை திறந்திருந்தால் தனியாகப் போய்ப் பார்க்கலாம்.

உள்ளே நடந்துகொள்ளும் முறை எளியதுதான். நம் காப்பிக் கடைகளில் பானம் என்ன வேண்டும் என்று மேசைக்கே வந்து கேட்பதுபோல் அங்கே கேட்கமாட்டார்கள். மேடைக்குப் போய், நமக்கு முன்னால் வந்தவர் யார் என்று மனத்தில் வைத்துக்கொண்டு, நம் முறை வரும்போது கேட்டு, அங்கேயே பணம் கொடுத்து, நாமே எடுத்து வர வேண்டும். மேடைக்குப் பின்னால் நிற்பவர் வரிசையை நினைவில் வைத்திருப்பார். கையை ஆட்டிக் கூப்பிடுவது மரியாதை அன்று. அப்பா மேசையில் உட்கார்ந்திருக்கட்டும், நீங்கள் போய் வாங்குங்கள். 2007 ஜூலை முதல் உள்ளே புகைபிடிக்கத் தடை இருப்பதால் புகை பற்றிய கவலையும் இல்லை.

இப்ஸ்விச் கழுத்துத்துணி பையில் இருக்கட்டும்; அரங்கின் ஸ்மெதிக் முனையில், வெளியூர் ரசிகர் வாசலில் அணிந்துகொள்ளலாம். இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்ல வேண்டும்: இருக்கை இருந்தாலும் வெளியூர் ரசிகர் பகுதியில் பலர் ஆட்டம் முழுவதும் நின்றுகொண்டேதான் பார்ப்பார்கள். முழங்கால் வலி உள்ளவர் உட்கார்ந்தால் ஆடுகளம் தெரியாது. கழகத்தின் நுழைவுச்சீட்டு அலுவலகத்துக்கு இப்போதே எழுதி, உட்கார்ந்து பார்க்கக்கூடிய இடமாக மாற்றித் தரக் கேளுங்கள். மதுக்கூடத்தைவிட இது முக்கியம்.

அரங்குக்கு அருகில் இந்திய உணவு தரும் மதுக்கூடங்களும் உள்ளன. ஆனால் மரபான ஆங்கிலேய மதுக்கூடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவ்வளவு தொலைவு போகிறவர்கள் அதற்காக நேரம் ஒதுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

ஹேண்ட்ஸ்வொர்த்தில் வாழ்ந்தவர் பதிலளித்தது:

மேலே எழுதிய நண்பரின் வழிகாட்டுதல் முழுவதையும் ஏற்கிறேன், கடைசிப் பத்தியைத் தவிர. வேலை நிமித்தமாக அந்தப் பகுதியில் குடியிருந்தவன் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். நீங்கள் அப்பாவிடம் சொல்லாமல் வைத்திருக்கும் தயக்கத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

வெஸ்ட் பிராம்விச், ஸ்மெதிக், ஹேண்ட்ஸ்வொர்த் ஆகிய மூன்றும் வார்ப்பாலைகளின் ஊர்கள். 1950களிலும் 60களிலும் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் அந்த ஆலைகளில் உருக்கிய இரும்பின் வெப்பத்தில் நாள் முழுவதும் உழைத்தார்கள். வேலை முடிந்து உடன் உழைத்த வெள்ளையர்கள் மதுக்கூடத்துக்குப் போனபோது இவர்களும் போனார்கள். பல இடங்களில் இவர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. சில இடங்களில் பொது அறையில் மட்டும் நின்று அருந்தலாம், புகையறை, லவுஞ்ச் எனப்படும் வசதியான அறைகளுக்கு வரக்கூடாது என்று பிரித்து வைத்தார்கள். பழைய மதுக்கூடங்களில் நாம் வியந்து பார்க்கும் தனித்தனி அறைகளையும் செதுக்குக் கண்ணாடித் தடுப்புகளையும் பார்க்கும்போது இதையும் நினைவில் கொள்ள வேண்டும். முதலில் அவை தொழிலாளியையும் முதலாளியையும் பிரித்தன. பிறகு நிறத்தைப் பிரிக்கவும் பயன்பட்டன.

இதை எதிர்த்து இந்தியத் தொழிலாளர் சங்கத்தினர் இயக்கம் நடத்தினார்கள். அவ்தார் சிங் ஜௌல் அதில் முன்னணியில் நின்றவர். இந்தியர்களும் வெள்ளையர்களும் சேர்ந்தே மதுக்கூடங்களுக்குப் போய், யாருக்குப் பரிமாறுகிறார்கள், யாருக்கு மறுக்கிறார்கள் என்பதைச் சான்றுகளோடு பதிவு செய்தார்கள். 1964 பொதுத் தேர்தலில் குடியேறிகளுக்கு எதிரான வெறுப்புப் பிரசாரத்தால் ஸ்மெதிக் தொகுதி நாடு முழுவதும் பேசப்பட்டது. அதையடுத்து 1965 பிப்ரவரி 12ஆம் தேதி, சங்கத்தின் அழைப்பை ஏற்று அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் அங்கே வந்தார். அவரை புளூ கேட்ஸ் என்ற மதுக்கூடத்துக்கு ஜௌல் அழைத்துப் போனார். புகையறையில் அவர்களுக்குப் பரிமாற மறுத்துவிட்டார்கள். ஒன்பது நாள் கழித்து நியூயார்க்கில் மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நிறைவேறிய இன உறவுச் சட்டம், மதுக்கூடம் போன்ற பொது இடங்களில் நிறத்தைக் காட்டி ஒருவரை விலக்குவதைச் சட்டவிரோதமாக்கியது.

பின்னர் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வாடிக்கையாளர் குறைந்து நலிந்த மதுக்கூடங்களை இந்தியக் குடும்பங்கள் எடுத்து நடத்தத் தொடங்கின. கரி அடுப்பையும் தந்தூரையும் கொண்டு வந்தார்கள். மேடையையும் பீர் இறைக்கும் கைப்பம்புகளையும் பழைய வாடிக்கையாளர்களையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். இன்று அவற்றை தேசி மதுக்கூடங்கள் என்கிறார்கள். நாடெங்கும் பழைய மதுக்கூடங்கள் மூடப்பட்டு வந்த காலத்தில், கருமை வட்டாரம் எனப்படும் அந்தத் தொழிற்பகுதியில் எத்தனையோ மதுக்கூடங்கள் பிழைத்திருப்பதற்கு இவர்களே காரணம். ஒரு வட்டாரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக வந்து உட்காரும் இடம்தான் மரபான மதுக்கூடம் என்றால், இவற்றை விலக்கிவைத்து மரபைப் பற்றிப் பேச முடியாது.

ஹாதார்ன்ஸிலிருந்து நடந்து போகக்கூடிய தொலைவில், ரோபக் தெருவில் உள்ள வைன் என்ற மதுக்கூடத்துக்குப் போங்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெருமுனையில் நிற்கும் சாதாரண ஆங்கிலேய மதுக்கூடம்தான். உள்ளே போகப் போக நீண்டு, பின்பகுதியில் இறைச்சி சுடும் பெரிய அடுப்புடன் உணவுக்கூடமாக விரியும். ஆட்ட நாளில் இரு குழுக்களின் ரசிகர்களும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். வெளியூர் ரசிகர்களிடையே அது பெயர்பெற்ற இடம். கோழி டிக்காவும் மீன் பக்கோடாவும் ஆட்டு விலா வறுவலும் கிடைக்கும். பன்னீரும், கிழக்கு ஆப்பிரிக்கா வழியாக வந்த குஜராத்தியர் பரப்பிய மரவள்ளிக்கிழங்கு வறுவலும் உண்டு. கிழங்கு வறுவலை உங்கள் அப்பா கட்டாயம் விரும்புவார். நண்பகல் 12 மணிக்கு முன்பே போய்விடுங்கள். ஒரு மணிக்கு மேல் வரிசை நீண்டுவிடும்.

நேரம் கிடைத்தால் வெள்ளிக்கிழமை மாலை வெஸ்ட் பிராம்விச் ஆல் செயின்ட்ஸ் சாலையில் உள்ள ரெட் லயன் மதுக்கூடத்துக்கும் போய் வாருங்கள். பஞ்சாபிகளின் குடியேற்ற வரலாற்றை வண்ணக் கண்ணாடியில் வரைந்து அங்கே சன்னலாக வைத்திருக்கிறார்கள். தேவாலயங்களில் புனிதர்களைத் தீட்டும் அதே கலையில் நம் நாட்டுத் தொழிலாளர்களைப் பார்க்கும்போது மனம் நிறையும்.

ஊரின் நடுவில் 2019ல் நிறுவிய சிலை ஒன்றையும் அப்பாவிடம் காட்டுங்கள். சிரில் ரெஜிஸ், லாரி கன்னிங்ஹம், பிரெண்டன் பேட்சன் ஆகிய மூன்று கறுப்பின வீரர்கள் 1970களின் இறுதியில் வெஸ்ட் பிராம்விச்சுக்காக ஒன்றாக ஆடியவர்கள். எதிரணி ரசிகர்கள் வாழைப்பழத்தை எறிந்த காலத்தில் அவர்கள் ஆடிய ஆட்டம்தான், அவர்களுக்குப் பின்னால் வந்த எத்தனையோ கறுப்பின வீரர்களுக்கு வழி திறந்தது. 1978ஐ நினைவில் வைத்திருப்பவருக்கு அவர்களை அறிமுகம் செய்ய வேண்டியிருக்காது.

உங்கள் தயக்கத்துக்கு நேரான பதில் இது: அந்த ஊர் மதுக்கூடங்களில் இந்திய முகத்தைப் பார்த்து யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அந்த நிலையைப் போராடிப் பெற்றவர்களில் சிலர், முதியவர்களாக, உங்கள் பக்கத்து மேசையிலேயே உட்கார்ந்திருக்கக்கூடும். இவ்வளவு தொலைவிலிருந்து ஏன் வந்தீர்கள் என்று அவர்களே அப்பாவிடம் பேச்சுக் கொடுப்பார்கள்.

சைவப் பயணி பதிலளித்தது:

உணவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மதுக்கூடங்களில் பெயர்பெற்ற ‘பை’ என்னும் அடைபணியாரம், மாட்டிறைச்சியை ஏல் என்ற பீர் வகையில் வேகவைத்து உள்ளே வைத்தது. பெயரில் ஏல் மட்டும் இருந்தாலும் என்ன இறைச்சி என்று கேளுங்கள். ஸ்காட்ச் முட்டையைச் சுற்றியிருப்பது பன்றி இறைச்சி. அந்த வட்டாரத்தில் உருளைக்கிழங்கு வறுவலைப் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் வழக்கம் உண்டு. சைவம் என்று நினைத்து நம்மவர்கள் வாங்குவது பெரும்பாலும் இதைத்தான்; எந்த எண்ணெய் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வைத்த உருண்டை ரொட்டி அங்கே எந்தப் பழைய மதுக்கூடத்திலும் எளிதாகக் கிடைக்கும், மலிவும்கூட.

நீங்கள் ஏல் அருந்துவதாக இருந்தால் இன்னொரு செய்தி. பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இறைக்கும் மரபான ஏலைத் தெளியவைக்க, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருளைச் சேர்ப்பது பழைய முறை. இன்றும் பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். கின்னஸ் பீர் நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் அதைக் கைவிட்டுவிட்டது. சைவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது. சேர்க்காத ஏல் எது என்று மேடையில் கேட்டால் காட்டுவார்கள்.

தோ பாயோ மகள் மீண்டும் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இருக்கை பற்றிக் கழகத்துக்கு இன்று காலையே எழுதிவிட்டேன். ஹேண்ட்ஸ்வொர்த் அண்ணன் எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஜௌல் பற்றி இன்னும் சொல்லச் சொல்லிக் கேட்டார். வைன் செல்வது உறுதியாகிவிட்டது.

இரண்டு சந்தேகங்கள் மட்டும் மீதம். மது அருந்தாதவர் ஒரு மேசையில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பது அந்தக் கடைக்காரருக்கு நாம் செய்யும் அநியாயமாகிவிடாதா என்று அப்பா கேட்கிறார். மேலும், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு நாள் முழுவதும் நேரம் இருக்கிறது. கூட்டமே இல்லாத, கொஞ்சமும் மாறாத பழைய மதுக்கூடம் ஒன்று அந்தப் பக்கத்தில் இருக்கிறதா?

பிடோக் பெரியவர் பதிலளித்தது:

அம்மா, நானும் மது அருந்தாதவன்தான். என் மருமகனோடு இங்கிலாந்தில் மதுக்கூடங்களுக்குப் போயிருக்கிறேன். உங்கள் அப்பா கேட்டது நல்ல மனிதர் கேட்கும் கேள்வி. எலுமிச்சைச் சாறு கலந்த சோடாவோ, இஞ்சிப் பானமோ, மதுச்சத்து நீக்கிய பீரோ வாங்கினால் போதும். இவை இல்லாத மதுக்கூடம் இன்று அரிது. சாப்பாடும் வாங்கினால் கடைக்காரருக்குக் குறையே இல்லை. கோப்பை காலியானதும் இன்னொன்று வாங்குவதும், நண்பகல் நேர நெரிசலில் வெறும் கோப்பையுடன் மேசையைப் பிடித்துவைக்காமல் இருப்பதும் போதிய மரியாதை. மது அருந்தச் சொல்லி யாரும் என்னை வற்புறுத்தியதில்லை.

ஒரு விஷயத்தில் ஈசூன் தம்பியிடம் நான் மாறுபடுகிறேன். ஆட்ட நாளில் ஓல்ட் ஜாயிண்ட் ஸ்டாக், ரோஸ் வில்லா, பிறகு வைன் என்று மூன்று இடங்கள் முழங்கால் வலி உள்ளவருக்கு மிகுதி. முதல் இரண்டையும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வைன் ஒன்று மட்டும் போதும். அங்கே இரண்டு மணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்து, சாப்பிட்டு, பக்கத்து மேசைக்காரரோடு பேசிவிட்டு அரங்குக்கு நடந்தால், அப்பா கேட்டது நிறைவேறிவிடும். இங்கிலாந்தின் தொழில்முறைக் காற்பந்து அரங்குகளிலேயே கடல் மட்டத்திலிருந்து மிக உயரத்தில் இருப்பது ஹாதார்ன்ஸ். ஏறத்தாழ 168 மீட்டர். கோடையைத் தவிர மற்ற மாதங்களில் அங்கே காற்று எலும்பைத் துளைக்கும். அப்பாவுக்கு உள்ளாடைமேல் இரண்டு அடுக்குக் கம்பளி போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு செட்ஜ்லியில் உள்ள பீக்கன் ஹோட்டலைச் சொல்வேன். பெயர் ஹோட்டல் என்றாலும் அது மதுக்கூடம்தான். கட்டடத்தின் நடுவில் சிறிய பரிமாறும் இடம். அதைச் சுற்றிலும் அறைகள். ஒவ்வோர் அறைக்கும் சிறு சாளரம் ஒன்று உண்டு. அதன் வழியே குனிந்து கேட்க வேண்டும், அதன் வழியேதான் கோப்பையும் வரும். விக்டோரியா அரசியின் காலத்து அமைப்பு அப்படியே காப்பாற்றப்பட்டிருக்கிறது. கட்டடத்தின் பின்னால் சொந்த மதுவடிப்பாலை இருக்கிறது. சாரா ஹியூஸ் என்ற பெண்மணி 1920களில் அதை நடத்தி வந்தார். பின்னர் மூடிக்கிடந்ததை அவருடைய பேரன் 1987ல் மீண்டும் இயக்கினார். அங்கே தயாராகும் கருஞ்சிவப்பு மைல்ட் என்ற ஏல் 6 விழுக்காடு மதுச்சத்துள்ளது. மைல்ட் வகையில் இது மிகக் கடுமை என்பதால், நீங்கள் அருந்துவதாக இருந்தால் அரைப் பைண்ட், அதாவது 284 மில்லிலிட்டர், வாங்குங்கள். அது பனிக்கட்டிபோல் குளிர்ந்து வராது. நிலவறையின் குளிர்ச்சிதான் அதற்குச் சரியான பதம். நம் ஊர் பீரின் சில்லிப்பை எதிர்பார்க்காதீர்கள்.

இப்படிப்பட்ட இடங்கள் தாமாகப் பிழைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1970களின் தொடக்கத்தில், தனக்கு வேண்டிய ஏலைத் தானே வடித்துக்கொள்ளும் பழைய மதுக்கூடங்கள் இங்கிலாந்து முழுவதிலும் நான்கே எஞ்சியிருந்தன. அவற்றுள் ஒன்று, அதே வட்டாரத்தில் நெதர்ட்டனில் உள்ள ஓல்ட் ஸ்வான். கூரையில் அன்னப்பறவை தீட்டிய பற்சிப்பித் தகடுகள் பதித்தது. பெரிய நிறுவனங்களின் ஒரே மாதிரியான பானங்களை எதிர்த்து 1971ல் தொடங்கிய கம்ரா என்ற நுகர்வோர் இயக்கம் மரபான ஏலுக்காகப் போராடியதோடு, பழைமை மாறாத உட்புறங்களைக் கொண்ட மதுக்கூடங்களின் பட்டியலையும் தயாரித்துப் பாதுகாத்து வருகிறது. அந்தப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அதைப் பார்ப்பதே என் வழக்கம்.

செட்ஜ்லிக்கு வால்வர்ஹாம்ப்டன் வழியாகப் போகலாம். ஹாதார்ன்ஸ் செல்லும் அதே டிராமின் கடைசி ஊர் அதுதான். அங்கிருந்து பேருந்து உண்டு. இத்தகைய பழைய இடங்கள் பிற்பகலில் கதவைச் சாத்திவிட்டு மாலையில் மீண்டும் திறப்பது சாதாரணம். ஞாயிறன்று நேரம் இன்னும் சுருக்கமாக இருக்கும். புறப்படுவதற்கு முதல் நாள் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹேண்ட்ஸ்வொர்த்தில் வாழ்ந்தவர் மீண்டும் எழுதியது:

பெரியவர் சொன்ன ஒழுங்கே சரி. ஆட்டம் முடிந்த பிறகு என்ன செய்வது என்பதை மட்டும் சேர்க்கிறேன். ஆட்டம் முடிந்த அரை மணி நேரத்துக்கு ஹாதார்ன்ஸ் டிராம் நிலையத்தில் நெருக்கடி மிகுதி. குளிர்காலம் என்றால் அதற்குள் நன்றாக இருட்டியும் இருக்கும். அரங்கை விட்டு முதலில் வெளியேற முயலாமல், கூட்டம் கரையும்வரை அப்பாவுடன் இருக்கையிலேயே காத்திருங்கள். பணியாளரிடம் முழங்கால் வலியைச் சொன்னால் அவசரப்படுத்தமாட்டார்கள். தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக ஆட்டத்தின் நாளையோ நேரத்தையோ மாற்றுவதும் வழக்கம் என்பதால், தங்கும் விடுதியை இலவசமாக ரத்து செய்யக்கூடிய முறையில் பதிவு செய்யுங்கள். ஆட்டம் மாலைக்கு மாறினால் வைனுக்குப் பிற்பகல் 2 மணிக்குள் போங்கள்; அன்றைக்கு மேசையை முன்பதிவு செய்ய முடியுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.